நண்பர்கள் செய்த சங்கீதம்

உலகத்தில் வெளிவரும் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை, வெளிவந்த வருஷத்திலேயே தங்கள் ஆயுளை முடித்துக்கொள்கின்றன. விளம்பரம் ஓய்ந்ததும் விற்பனை ஓய்கிறது, விற்பனை ஓய்ந்ததும் ஜனங்கள் அவற்றை மறந்துவிடுகிறார்கள். ஆனால், 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஸ்தாபனத்தால், குறுந்தகடாக 5,500 பிரதிகளும் கருப்புத் தட்டாக 1,600 பிரதிகளும் போதுமென்ற மதிப்பீட்டோடு வெளியிடப்பட்டு, பெரிய ஆரவாரம் எதுவுமின்றி உலகுக்குள் வந்து, பிறகு வருஷத்துக்கு வருஷம் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டே போய், லட்சக்கணக்கில் விற்று, அது வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர்களாலும் இன்று போற்றிக் கேட்கப்படுகிற இசைத்தட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ'. அதைச் செய்த குழு நியூட்ரல் மில்க் ஹோட்டல்.

இந்தக் குழுவை 'இண்டி ராக்' வகையைச் சேர்ந்ததென்று சொல்வார்கள். மேல்நாட்டுச் சங்கீதத்தில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். கிதார், டிரம்ஸ், பாட்டு ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்ட ராக் இசை, 1950-களில் அமெரிக்காவில் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் மாபெரும் வியாபாரமாக வளர்ந்துவிட்டது. எந்தப் பாட்டு வானொலியில் ஒலிக்க வேண்டும், எவருடைய முகம் கடைகளில் தொங்க வேண்டும் என்பதையெல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெரிய கம்பெனிகளே தீர்மானிக்கும் நிலைமை வந்தது. அந்தக் கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல், கையில் இருக்கும் சொற்பப் பணத்தைக் கொண்டு தாங்களே ஒலிப்பதிவு செய்து, தங்களைப் போன்ற இளைஞர்கள் நடத்தும் சிறிய வெளியீட்டு ஸ்தாபனங்களின் மூலம் வெளியிட்டு, கல்லூரி வானொலி நிலையங்களையும் சிறு அரங்குகளையும் நம்பி வாழ்ந்த குழுக்கள் 1970-களின் கடைசியிலிருந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருகின. சுதந்திரமாக நிற்கும் இந்தக் குழுக்களின் இசைதான் இண்டி ராக். பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நிர்வாணா குழு, 'பிளீச்' என்ற தன் முதல் இசைத்தட்டை ஏறக்குறைய 606 டாலர் செலவில் பதிவு செய்து, ஸியாட்டில் நகரத்துச் சப் பாப் என்ற சிறு ஸ்தாபனத்தின் மூலம் 1989-இல் வெளியிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த உலகத்தின் எளிமையும் துணிவும் ஒருவாறு விளங்கும்.

அதே 1989-ஆம் ஆண்டில், சூப்பர்சங்க் என்ற குழுவைச் சேர்ந்த மேக் மெக்காகன், லாரா பாலன்ஸ் என்ற இருவர், வட கரோலினாவில் மெர்ஜ் ரிக்கார்ட்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். தங்கள் பாட்டுகளையும் தங்கள் சிநேகிதர்களின் பாட்டுகளையும் வெளியிட வேண்டும் என்பதற்கு மேல் அவர்களுக்குப் பெரிய லட்சியம் ஒன்றும் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 2011-இல், அவர்கள் வெளியிட்ட ஆர்கேட் ஃபயர் குழுவின் இசைத்தட்டு ஒன்றுக்கு அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. நாம் இங்கே பேச வந்த இசைத்தட்டை வெளியிட்டதும் இந்த மெர்ஜ் ஸ்தாபனமே.

லூஸியானா மாகாணத்தின் வட பகுதியில் ரஸ்டன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. பெரிய நகரங்களிலிருந்து எட்டியிருந்த அந்த ஊரில், ஜெஃப் மாங்கம், ராபர்ட் ஷ்னைடர், பில் டாஸ், வில் கல்லன் ஹார்ட் என்ற நான்கு இளைஞர்கள் சிநேகிதர்களாக வளர்ந்தார்கள். ஷ்னைடர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்து சிறுவயதில் ரஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர்; மாங்கம் அவ்வூரிலேயே பிறந்தவர். கல்லூரி வானொலி நிலையத்தில் கேட்டறிந்த விசித்திரமான இசைத்தட்டுகளும், வீட்டிலேயே ஒலிநாடாவில் தாங்கள் பதிவு செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட பாட்டுகளுமே அவர்களுக்குச் சங்கீதப் பாடசாலையாக அமைந்தன. தன் பாட்டைக் கேட்க உலகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், அந்த மூவரும் தன்னைப் புரிந்துகொண்டவர்கள் என்ற நிச்சயம் ஓர் இளங்கலைஞனுக்குக் கிடைத்துவிட்டால், அவன் வேறு எவருடைய அங்கீகாரத்துக்கும் ஏங்க வேண்டியதில்லை. வளர்ந்த பிறகு அவர்கள் டென்வருக்கும் ஏதென்ஸுக்கும், அதாவது ஜார்ஜியா மாகாணத்திலுள்ள ஏதென்ஸ் நகரத்துக்கும், பிரிந்து போனார்கள். ஆயினும் எலிஃபென்ட் ஸிக்ஸ் என்ற பொதுப் பெயரின் கீழ் ஒன்றாகவே இயங்கினார்கள். ஷ்னைடர் தொடங்கிய குழு ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ; டாஸும் ஹார்ட்டும் நடத்தியது ஒலிவியா டிரெமர் கன்ட்ரோல்; மாங்கத்தினுடையது நியூட்ரல் மில்க் ஹோட்டல். ஒருவருடைய இசைத்தட்டில் மற்றவர் வாசிப்பதும், ஒருவர் வீட்டில் மற்றவர் தங்குவதும் அவர்களுக்குள் சகஜமாக இருந்தன.

மாங்கம் தம் முதல் இசைத்தட்டை 1996-இல் வெளியிட்டார். அதன் பெயர் 'ஆன் ஏவரி ஐலண்ட்'. அதன் பிறகு ஜூலியன் கோஸ்டர், ஸ்காட் ஸ்பில்லேன், ஜெரெமி பார்ன்ஸ் ஆகிய மூவரும் அவருடன் சேர்ந்து, நியூட்ரல் மில்க் ஹோட்டல் நால்வர் குழுவாக உருவெடுத்தது. அந்தக் காலத்தில்தான் மாங்கம், ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் டயரியைப் படித்தார். இந்த இசைத்தட்டின் கதையில் அதைவிட முக்கியமான சம்பவம் வேறில்லை.

ஆன் ஃபிராங்க் 1929-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவள். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி அக்குடும்பம் ஹாலந்துக்குப் போயிற்று. ஹாலந்தும் நாஜிகளின் வசமான பிறகு, 1942 ஜூலை மாதம் முதல், ஆம்ஸ்டர்டாமில் தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் மறைந்து வாழ்ந்தது. இரண்டு வருஷங்களுக்கு மேல் வெளிக்காற்றைச் சுவாசிக்காமல் அங்கே இருந்துகொண்டு, அந்தச் சிறுமி தன் மனத்தில் தோன்றியதையெல்லாம் ஒரு டயரியில் எழுதிவந்தாள். 1944 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எல்லோரும் பிடிபட்டார்கள். மறு வருஷத் தொடக்கத்தில், பெர்கன்-பெல்ஸன் சிறை முகாமில், முதலில் அவளுடைய அக்காள் மார்காட்டும், பிறகு ஆனும் நோயுற்று இறந்தார்கள். அப்போது ஆனுக்கு வயது பதினைந்து. ஏப்ரல் 15-ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவம் அந்த முகாமை விடுவித்தது. சில வாரங்கள் உயிரோடு இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். குடும்பத்தில் உயிர் தப்பியவர் தந்தை ஒருவரே. அவர் மூலமாக 1947-இல் அந்த டயரி புத்தகமாக வெளிவந்தது.

உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். ஆனால் மாங்கம் அடைந்த வேதனை சாதாரண வாசகரின் வேதனையாக இருக்கவில்லை. தாம் பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே மாண்டுபோன ஒரு பெண்ணை, தமக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தது போல் எண்ணி அவர் நாள் கணக்கில் அழுதிருக்கிறார்; காலத்தைக் கடந்து பின்னோக்கிப் போய் அவளைக் காப்பாற்றிவிடுவது போலக் கனவுகள் கண்டிருக்கிறார். இவற்றை அவரே பிற்பாடு ஒரு பேட்டியில் மனம் திறந்து கூறினார். நடந்து முடிந்துவிட்ட அநீதியை எந்தக் கருணையாலும் திருத்த முடியாது என்பது அறிவு சொல்லும் செய்தி. அதை ஏற்றுக்கொள்ள மறுப்பது இருதயத்தின் சுபாவம். இவ்விரண்டுக்கும் இடையே நடந்த போராட்டத்திலிருந்துதான் இந்த இசைத்தட்டின் மிகச் சிறந்த பாட்டுகள் பிறந்தன.

1997-ஆம் வருஷக் கோடைகாலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரையில், கொலராடோ மாகாணத்து டென்வர் நகரில் ஒலிப்பதிவு நடைபெற்றது. ஸ்டூடியோவின் பெயர் பெட் ஸவுண்ட்ஸ். பீச் பாய்ஸ் குழு 1966-இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டின் மேல் கொண்ட பக்தியால் சூட்டப்பட்ட பெயர் அது. பெயரைக் கேட்டு அது பெரிய மாளிகையென்று எண்ணிவிட வேண்டாம். சிநேகிதர் ஒருவர் குடியிருந்த வீட்டில் கருவிகளை வைத்து அமைத்துக்கொண்ட இடமே அது. பதிவை நடத்தியவர் ரஸ்டன் சிநேகிதரான ஷ்னைடர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் ஸ்டூடியோக்களில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடவேண்டியிருக்கும். புதிதாக ஒரு யோசனை தோன்றினாலும் செலவை நினைத்து அதை அடக்கிக்கொள்ள நேரும். இங்கே அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு யோசனை தோன்றினால் செய்து பார்த்தார்கள். சரியாக வரவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும் செய்தார்கள்.

அவர்கள் உபயோகித்த வாத்தியங்களைச் சொன்னாலே வாசகர்களுக்கு ஆச்சரியம் உண்டாகும். தச்சர் மரம் அறுக்கும் ரம்பத்தைப் போன்ற ஒன்றை முழங்கால்களுக்கிடையே பிடித்து, அதன் தகட்டை வளைத்துக்கொண்டு, பல்லில்லாத ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தால், பெண் குரலா, காற்றின் ஓலமா என்று பிரித்தறிய முடியாத ஒரு நாதம் எழும்பும். தகட்டின் வளைவை மாற்ற மாற்ற ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறவும் இறங்கவும் செய்யும். கோஸ்டர் இதை வாசிப்பதில் நிபுணர். பேஞ்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தையும் அவர் வில்லால் இழுத்து வாசித்தார். டிராம்போன், யூஃபோனியம் முதலிய பித்தளை ஊதுகருவிகளை ஸ்பில்லேன் ஏற்றார். அக்கார்டியன், ஆர்கன், அயர்லாந்து தேசத்து இல்லன் பைப் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. பார்ன்ஸின் டிரம்ஸ் இவற்றையெல்லாம் ஓட ஓட விரட்டிக்கொண்டு போகும். இத்தனைக்கும் நடுவில் மாங்கத்தின் சாதாரண மரக் கிதார் ஒன்று. மைக்கை மிக அருகே வைத்து, கருவி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால், அது தன் எல்லையில் முட்டி, உடைந்து, கரகரப்பாகப் பரவும். பெரிய ஸ்டூடியோவில் இதைக் குற்றமென்று தள்ளுவார்கள். ஷ்னைடர் அந்தக் கரகரப்பையே ஒரு வர்ணமாகத் தீட்டினார். பாடகரின் மூச்சு நம் காதருகே படுவது போன்ற நெருக்கமும், நாலு சுவர்களும் அதிர்வது போன்ற ஆவேசமும் ஒரே சமயத்தில் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

மாங்கத்தின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்ற குரலின் இனிமையை அதில் எதிர்பார்ப்பவர்கள் முதல் பாட்டிலேயே ஏமாற்றமடைவார்கள். அது உரத்த குரல். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது தளும்பும், சில இடங்களில் சுருதியை விட்டு விலகவும் செய்யும். ஆனால் அந்தக் குரலில் பொய் கிடையாது. எட்டு நிமிஷத்துக்கு மேல் நீளும் 'ஓ கம்லி' என்ற பாட்டில், தம் கிதாரைத் தவிர ஏறக்குறைய வேறு துணையில்லாமல், நிறுத்தாமல் ஒரே மூச்சாக அவர் பாடிக்கொண்டு போகிறார். பித்தளை வாத்தியங்கள் கடைசியில்தான் வந்து சேர்கின்றன. அது முடியும் தறுவாயில், பக்கத்தில் இருந்த ஒருவர் வியப்பு மேலிட்டுக் கத்திவிட்ட சத்தமும் நாடாவில் விழுந்துவிட்டது. அதை அவர்கள் அழிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பதினொரு உருப்படிகள், மொத்தம் நாற்பது நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். பல இடங்களில் ஒன்று முடிவதற்குள் மற்றொன்று தொடங்கிவிடுவதால், தனித்தனிப் பாட்டுகளாக அல்லாமல் ஒரே நீண்ட கதையைக் கேட்பது போன்ற பிரமை உண்டாகிறது. குழந்தைப் பருவம், வீட்டுக்குள் நடக்கும் சண்டைகள், முதற்காதல், மரணம், மறுபிறப்பு ஆகியவையெல்லாம் கனவில் வருவது போல ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. தலைப்புப் பாட்டில், ஒருநாள் நாமும் சாம்பலாகிவிடுவோம் என்ற நினைவும், உயிரோடிருப்பதே ஓர் அதிசயம் என்ற ஆனந்தமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. 'ஹாலண்ட், 1945' என்ற பாட்டோ, ஊர்வலத்தில் வாசிப்பது போன்ற துள்ளலும் பித்தளை முழக்கமுமாகப் பாய்ந்து செல்கிறது. சொற்களைக் கவனிக்காதவர்கள் அதைக் கொண்டாட்டப் பாட்டு என்றே நினைப்பார்கள். ஆனின் முழுப்பெயர் எந்தப் பாட்டிலும் வருவதில்லை. ஆயினும் டயரியைப் படித்தவர்களுக்கு அவள் எங்கே வருகிறாள், எங்கே போகிறாள் என்பது தெளிவாகத் தெரியும். துக்கத்தை முணுமுணுக்காமல் உரக்க, பலர் கூடி, வாத்தியங்களோடு எடுத்துச் சொல்லும்போது அது ஒருவருடைய சொந்தத் துக்கமாக நின்றுவிடாமல் எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது. கடைசிப் பாட்டின் முடிவில் மாங்கம் கிதாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்துபோகும் ஓசையும் பதிவாகியிருக்கிறது.

இசைத்தட்டின் அட்டையும் பிரசித்தி பெற்றது. ஐரோப்பாவின் பழைய தபால் அட்டை ஒன்றில், கடலில் குளிக்கும் மனிதர்களின் சித்திரம் இருந்தது. கிறிஸ் பில்ஹெய்மர் என்ற ஓவிய அமைப்பாளர், அதிலிருந்த பெண்ணின் முகத்தை நீக்கிவிட்டு, பறையின் தோல்முகம் போன்ற ஒரு வட்டத்தை அங்கே பொருத்தினார். நீர் விளையாட்டும் முகமின்மையும் சேர்ந்த அந்தப் படம், உள்ளேயிருக்கும் பாட்டுகளின் குணத்தைச் சரியாகப் பிடித்துக் காட்டுகிறது.

வெளிவந்தபோது விமர்சகர்கள் சிலர் பாராட்டினார்கள். சிலர் நிதானமான மதிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். குழு 1998-இல் ஊர் ஊராகச் சுற்றிக் கச்சேரி செய்தது. கூட்டம் பெருகத் தொடங்கியது. எந்தக் கலைஞனும் இன்னும் முன்னேற வேண்டுமென்று துடிக்கும் அந்தச் சமயத்தில், மாங்கம் ஒதுங்கிவிட்டார். சண்டையோ அறிக்கையோ இல்லாமல் குழு ஓய்ந்தது. பல்கேரியாவின் கொப்ரிவ்ஷ்டிட்ஸா என்ற ஊரில் நடக்கும் நாட்டுப்புற இசைத் திருவிழாவில் தாம் பதிவு செய்த ஒலிகளை 2001-இல் ஓர் இசைத்தட்டாக அவர் வெளியிட்டதைத் தவிர, தாமே புதிதாக இயற்றிய பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. ஆனால் 'ஏரோப்ளேன்' இசைத்தட்டு தானாகவே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கேட்டு இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் மூன்றாமவருக்குச் சொல்ல, பத்து வருஷம் கழித்து 2008-இல், அமெரிக்காவில் மிகுதியாக விற்ற கருப்புத் தட்டுகளின் வரிசையில் அது இடம் பெற்றது. 2005-இல் கிம் கூப்பர் என்ற எழுத்தாளர் இதைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். 2013-இல் நால்வரும் மறுபடி ஒன்றுகூடி, 2015 வரையில் பல நாடுகளில் கச்சேரி செய்தார்கள். வந்தவர்களில் மிகப் பலர், குழு ஓய்ந்த காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்.

சிநேகிதர்களின் பிற்கால வாழ்க்கையும் தெரிந்துகொள்ளத் தக்கது. பில் டாஸ் 2012-இலும், வில் கல்லன் ஹார்ட் 2024-இலும் காலமானார்கள். பார்ன்ஸ் கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற இசையில் ஈடுபட்டு, அதற்கென்றே ஒரு குழு அமைத்தார். ஷ்னைடரின் பாதை தமிழ் வாசகர்களுக்கு விசேஷ மகிழ்ச்சி அளிக்கக்கூடியது. நடுவயதில் அவர் கணிதத்தின்பால் திரும்பி, எமரி சர்வகலாசாலையில், ராமானுஜனின் கணிதத்தில் பேரறிஞரான கென் ஓனோவிடம் பயின்று, 2018-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய ஆராய்ச்சித் துறை, ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதங்களில் எழுதலாம் என்பதைப் பற்றியது. 4 என்ற எண்ணை, அதை அப்படியே விடுவதையும் சேர்த்து, இப்படி ஐந்து விதங்களில் எழுதலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த நம் ராமானுஜன், 1918-இல் ஹார்டியோடு சேர்ந்து மகத்தான வழி திறந்துவைத்த துறை இதுவே. டென்வர் வீட்டில் கரகரப்பான கிதாரைப் பதிவு செய்த அதே மனிதர், இன்று ராமானுஜன் நடந்த பாதையில் நடந்துகொண்டிருக்கும் கணிதப் பேராசிரியர்.

இந்த இசைத்தட்டு ஏன் நிலைத்தது என்பதற்குப் பலரும் பல காரணங்கள் கூறுகிறார்கள். மாங்கம் ஒதுங்கிப் போனதால் ஏற்பட்ட மர்மமே அதன் புகழுக்குக் காரணம் என்பவர்களும் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மர்மம் ஒருவரைக் கடைவரையில் அழைத்துவரலாம். நூறாவது தடவையாக ஒரு பாட்டைக் கேட்க வைக்க அதனால் முடியாது. இதன் உயிர் இதிலுள்ள இரக்கத்தில் இருக்கிறது. அயல்நாட்டில், வேறொரு தலைமுறையில் இறந்த ஒரு சிறுமிக்காக இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் விட்ட கண்ணீரைக் கூச்சப்படாமல் முழுக் குரலில் வெளியிட முடிந்ததென்றால், அதற்குக் காரணம், அதைக் கேட்டு நகைக்காத சிநேகிதர்கள் சுற்றிலும் இருந்ததும், இது விற்குமா என்று கேட்கும் வியாபாரி அந்த அறையில் இல்லாததுமே. பெரிய கம்பெனியின் பணம் அவர்களுக்கு வாய்த்திருந்தால், குரலின் பிசிறுகள் சீர்செய்யப்பட்டிருக்கும், ரம்பம் வெளியே போயிருக்கும், எட்டு நிமிஷப் பாட்டு நான்கு நிமிஷமாகக் குறைந்திருக்கும். நல்லதொரு இசைத்தட்டு கிடைத்திருக்கலாம், இந்த இசைத்தட்டு கிடைத்திராது.

மேல்நாட்டு ராக் இசையென்றாலே இரைச்சல் என்று ஒதுக்கும் பெரியவர்களுக்கும், ஒரு பாட்டை அரை நிமிஷம் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும் இளைஞர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றே: முதலில் ஆன் ஃபிராங்கின் டயரியைப் படியுங்கள், பிறகு ஒருநாள் மாலையில், நாற்பது நிமிஷம் ஒதுக்கி வைத்து, இந்த இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். முதல் தடவையில் குரல் முரடாகத் தோன்றினால், சில நாட்கள் கழித்து மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் அபிப்பிராயம் எதுவானாலும், அது நியாயமான அபிப்பிராயமாக இருக்கும்.